ஒருமித்து வாழும் வசனத்துக்கு ஒரு படம்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில், பகலில் நான் சிவகாசியில் விலங்கியல் டீச்சர். சாயங்காலம் திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் பைபிள் வசனக் காலண்டருக்குப் பிழை பார்ப்பவள். வசனம் சரியா, அதிகாரம் சரியா, படம் பொருந்துகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சபைப் பெண்களுக்கு வேதபாடமும் எடுப்பேன். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு நிறையவே உண்டு.

வீட்டில் சமையல் என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி. அச்சகத்துக்கே தூக்குவாளியில் பலகாரம் கொடுத்துவிடுவாள். ஒரு மே மாதம், நான் வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தி வைத்திருந்த வசனத் தாள்களில் அவள் உளுந்தவடையை எடுத்துப் போட்டு எண்ணெய் வடிய விட்டாள். அச்சுத்தாளில் வடை வைக்காத வீடு எங்கள் ஊரில் கிடையாது. ஆனாலும் விடுவேனா? வேதத்தை அவமதித்துவிட்டாய் என்று ஆரம்பித்து, இது என் வீட்டுக்காரர் கட்டிய வீடு என்பதில் முடித்தேன். மறுவாரமே அவளும் கொழுந்தனும் விஸ்வநத்தத்துக்கு வாடகைக்குப் போய்விட்டார்கள். ஜெயித்த சந்தோஷம் நாலு நாள் இருந்தது. என் சமையலை என் வீட்டுக்காரர் வாய் திறந்து குறை சொல்லவில்லை. சாப்பிடவும் அவ்வளவாகத் திறக்கவில்லை.

ஆடியில் காலண்டருக்குப் படத் தேர்வு நடந்தது. சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுவதைச் சொல்லும் சங்கீதத்துக்கு அச்சக முதலாளி சி.டி.யிலிருந்து ஒரு பவளப்பாறையை எடுத்திருந்தார். வெள்ளைவெளேரென்று அழகாகத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, இது வேண்டாம். பட்டினி கிடக்குற பவளம்."

"கல்லுக்கு ஏது டீச்சர் பசி?"

"கல்லு இல்ல, உயிரு. இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும். வெயில வச்சு அதுதான் சமைச்சுப் போடும். கடல் சூடாச்சுன்னா பவளம் அந்தப் பாசிய வெளிய தள்ளிரும். அப்புறம் சோறு கிடையாது. நிறமும் போயிரும்."

"சமைச்சுப் போடுற ஆளையா தள்ளும்? கூறுகெட்ட ஜென்மமால்ல இருக்கு!" என்றவர், சற்று யோசித்து, "தூக்குவாளிய இப்பல்லாம் காணலையே, டீச்சர்?" என்றார்.

மனுஷர் சூதுவாது இல்லாமல்தான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து விஸ்வநத்தம் பஸ் ஏறினேன்.

ஓரகத்தி வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்: "சோத்துக்குத்தான கூப்பிடுதீக?"

"ஆமா. சண்டை போடவும் ஆளு இல்ல. நான் பேசுனது தப்பு. வா."

அவள் உடனே வரவில்லை. என்னை ஒரு வாரம் நன்றாகக் காய விட்டாள். ஒருநாள் விடிகாலை அடுப்படியில் பாத்திரம் உருண்டது. ஓடிப்போய், "எதுக்கு இம்புட்டுச் சத்தம்?" என்று கத்தினேன்.

"காலையிலயே ஆரம்பிச்சிட்டீகளாக்கா?" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.