கெவுளி சொன்ன திசை

எங்கள் அப்பா யாருக்கும் பயப்படாதவர், பல்லியைத் தவிர. கடித்துவிடும் என்றல்ல, அதன் வாக்குக்குப் பயம். எந்தக் காரியம் தொடங்கினாலும் கெவுளி சொல்ல வேண்டும். அதாவது, எங்கிருந்தாவது ஒரு பல்லி 'ச்ச் ச்ச்' என்று சத்தம் போட வேண்டும். அதுவும் நல்ல திசையிலிருந்து. எந்த நாளுக்கு எந்தத் திசை ஆகும் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வது, எங்களோடு இருந்த தாய்மாமாவின் வேலை. அதைத் தவிர அவருக்கு வேறு வேலையே இல்லை என்பது அப்பாவின் குறை.

தொண்டாமுத்தூரில் எங்கள் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு பாறை இருந்தது. அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, தேங்காய்ப் பருப்பு காயவைக்க சிமெண்டுக் களம் போடுவதென்று அப்பா முடிவு செய்தார். எனக்கோ களம் என்றால் ஷட்டில் விளையாட்டு. மட்டையை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அப்போது பார்த்து, பல்லிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஓர் அக்கா வந்து சேர்ந்தார். பாறை இடுக்கில் விரல் நீளத்துக்கு ஒரு பல்லி இருக்கிறதாம். இந்த மலையடிவாரத்து நாலைந்து பாறைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். பாறை போனால் அதுவும் போய்விடும் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார்.

"பல்லிக்கு என்னங்க பஞ்சம்? எங்கூட்டுச் செவுத்துல வேணுங்கற அளவுக்கு இருக்குது, புடிச்சுட்டுப் போங்க அம்மணி" என்றார் அப்பா.

அந்த அக்கா கண் கலங்கிப் போனார். மாமா மட்டும் அவர்கூடப் போய், பாறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

குறித்த நாளில் துளை போடும் டிராக்டர் வந்து நின்றது. அப்பா பாறை முன்னால் கைகட்டி நின்றார். மயில் அகவியது, குயில் கூவியது, பல்லி மட்டும் வாயைத் திறக்கவில்லை. டிராக்டர்காரர் மூன்றாவது டீயையும் குடித்து முடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மாமா எந்த உயிரைப் போலவும் சத்தம் போடுவார்; அவரைத் தனியே இழுத்துப் போனேன்.

"நீங்களே கெவுளி சொல்லிப்போடுங்க மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

மாமா என்னையும் பார்த்தார், பாறையையும் பார்த்தார். "செஞ்சுபோடலாம் கண்ணு" என்று ஒரு தென்னை மறைவுக்குப் போனார்.

'ச்ச் ச்ச் ச்ச்.' அச்சு அசல் பல்லி! நான் குதிக்கப் போனேன். அப்பாவின் முகமோ பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"அடக் கடவுளே, தெக்கால சொல்லிப்போட்டுதே! போச்சு, எல்லாம் போச்சு. வண்டியத் திருப்புங்க!"

என் களமும் போச்சு. ஒரு மாதம் மாமாவோடு பேசவில்லை. அப்புறம் பேசத் தொடங்கியதும், விருந்தாளி முன்னால்கூட, "கிழக்கு மேற்குத் தெரியாத மாமா" என்றே அவர் மானத்தை வாங்கினேன். "ஆமாங்க அம்மணி, எனக்கு என்னங்க தெரியும்" என்று அவரும் சிரிப்பார்.

பாறை இன்னும் அங்கேயே இருக்கிறது. மாணவர்கள் வந்தால் இப்போது அப்பாவே கூட்டிப்போய்க் காட்டுகிறார். "நம்ம பல்லிங்க. உலகத்துல வேற எங்கீங்க இருக்குது?" போன பொங்கலுக்கு அவர் இப்படிப் பீற்றிக்கொண்டபோது, பின்னால் நின்ற மாமா வாயைப் பொத்திச் சிரித்தார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. டிராக்டர் வந்த அன்று காலையில், இன்றைக்குத் தெற்கு மட்டும் ஆகாது என்று பஞ்சாங்கம் படித்துச் சொன்னதே மாமாதான்.