உஷ் அத்தானின் பெட்டி

பன்னிரண்டேகாலுக்கு அத்தானிடமிருந்து போன் வந்தது. அக்காவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்ப் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். வேனை ஓட்டிக்கொண்டே எடுத்தேன்.

“மாப்ள, என் கார்டு உன் வண்டியிலயா இருக்கு?” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளே பெண்டாட்டியின் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள், இந்த மனுஷனுக்குப் பாட்டுப் பெட்டியின் மெமரி கார்டு கேட்கிறது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெல்லச் சொன்னார்.

“உங்க அக்கா பாடிட்டா மாப்ள. அது இன்னும் பதிவாகாம நிக்குது. கார்டு இல்ல. பெட்டியில செல்லு தீந்துச்சுன்னா பாட்டும் போயிடும்.”

பின்னால் ஓட்டல்களுக்குப் போகவேண்டிய சலவை விரிப்புகள் மூட்டை மூட்டையாக இருந்தன. போகட்டும் என்று வேனைத் திருப்பினேன்.

நான் ஏன் திருப்பினேன் என்பது புரிய வேண்டுமென்றால் அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘உஷ்’. லிஃப்ட் மெக்கானிக். பாம்புச் செவி. கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியை வாங்கினார். சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும். தட்டினால் தாளம் எழுப்பும் பதினாறு ரப்பர் பட்டன்கள், ஒரு சின்னக் கீபோர்டு, மைக், ஸ்பீக்கர், ஒலிப்பதிவு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். ஆறு பென்சில் செல் போட்டால் போதும், எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து பாட்டுக் கட்டலாம்.

அத்தானும் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்தார். லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், மொட்டைமாடியில், பஸ்ஸில். ஒரு தடவை என் மாமனார் வீட்டுக் குளியலறையில் ஒரு மணி நேரம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார், அங்கே எதிரொலி நன்றாக இருக்கிறதாம். முதலில் ஒரு தாளம் தட்டுவார். அது திரும்பத் திரும்ப ஓடும். அதன்மேல் மெட்டு, மெட்டின்மேல் வரி. லிஃப்ட் கதவு மோதும் சத்தத்தை மைக்கில் பிடித்து அதையே மத்தளமாக்கிவிடுவார். ஒரு சொல் பிடிக்காவிட்டால் அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பாடுவார். சோறு ஆறிப்போகும், அவர் அந்த ஒரு வரியிலேயே நிற்பார்.

அவர் வீட்டில் பதிவு செய்தால் ஒருவரும் மூச்சு விடக்கூடாது. நாற்காலி நகரக் கூடாது, குழாய் சொட்டக் கூடாது. விரலை உதட்டில் வைத்து ஒரு ‘உஷ்’. அக்கா பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே சமையலறைச் சுவரோரம் நிற்பாள். பாட்டு முடிந்த பிறகுதான் கீழே வைப்பாள். இதை நான் எத்தனையோ நாள் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

இத்தனைக்கும் அக்காவுக்கு வாய்த்த குரல் அவருக்குக் கிடையாது. அவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். ‘பயணிகளின் கவனத்திற்கு’ என்று அவள் ஆரம்பித்தால் ஓடுகிற குழந்தைகூட நின்று பார்க்கும். கல்யாணத்துக்கு முன்பு அத்தான் அந்தக் குரலைக் கேட்பதற்கென்றே தனக்கு வேண்டாத பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்தவர். அவள் பாடுவதற்காகவே ஒரு பாட்டைப் பெட்டி வாங்கிய நாள் முதல் செதுக்கிக்கொண்டிருந்தார். அவளோ பிடி கொடுக்கவில்லை. “இத்தன வருஷமா வாய மூடுன்னு சொன்ன ஆளு, இப்ப தொறன்னா தொறந்துடுமா?” என்பாள். நியாயம்தானே.

போன மாதம் அவள் கழுத்தில் கட்டி என்று தெரிந்தது. தைராய்டு. எடுத்துவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, பேச்சு திரும்பிவிடும், உச்சக் குரல் சிலருக்குத் திரும்புவதில்லை என்றும் சொன்னார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அத்தான் அன்றிலிருந்து அந்தப் பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்பதற்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

அன்று காலையில், ஆஸ்பத்திரிப் பச்சை அங்கியை மாட்டிக்கொண்ட பிறகு, அவளாகவே கேட்டிருக்கிறாள்: “பெட்டி கொண்டாந்திருக்கீங்களா?” கொண்டு வராமல் இருப்பாரா? இருவரும் மாடிப்படியின் உச்சிக்கு, லிஃப்ட் மோட்டார் அறை வாசலுக்குப் போயிருக்கிறார்கள். அவள் ஒரே ஒரு தடவைதான் பாடினாள். கீழே இறங்கினாள். தள்ளுவண்டியில் படுத்தாள். உள்ளே போனாள். அதன் பிறகுதான் அத்தான் பதியப் போய், ‘கார்டு இல்லை’ என்று திரையில் பார்த்தார்.

அந்தப் பெட்டியின் சொந்த நினைவு ஒரு பாட்டின் தாளத்துக்கும் மெட்டுக்கும்தான் போதும். குரல் பெரிய சாமான். அது கார்டில் ஏறினால்தான் நிலைக்கும், அதுவரை செல் உள்ளவரைக்கும்தான் அதற்கு ஆயுள். செல்லை மாற்றவும் வழியில்லை, கழற்றிய நொடியே எல்லாம் போய்விடும். கரண்டில் செருகும் அடாப்டரின் முனை போன வாரமே உடைந்திருந்தது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவருக்குத் தன் வீட்டு அடாப்டரைப் பற்றவைக்க நேரமில்லை.

கார்டு என்னிடம் வந்த கதைதான் எனக்குச் சொல்லவே கூசுகிறது. இரண்டு வாரத்துக்கு முன் அவராகவே கொடுத்தார். “நாப்பத்தெட்டுப் பாட்டு இருக்கு மாப்ள. வண்டி ஓட்டறப்ப கேட்டுட்டுச் சொல்லு.” அதற்கு முன் யாரிடமும் அவர் அப்படிக் கொடுத்ததில்லை. நான் இரண்டு பாட்டுக் கேட்டேன். மூன்றாவது பாட்டில் கொட்டாவி வந்தது. மறுநாள் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், அதே கார்டில் மீதி இருந்த இடம் முழுக்க எனக்குப் பிடித்த குத்துப்பாட்டுகளாக ஏற்றிக்கொண்டேன்.

மேம்பாலத்தில் வண்டிகள் ஒரு மணி நேரமாக ஊர்ந்தன. மறுபடி போன். “ஒரு கட்டம்தான் இருக்கு. அதுவும் மின்ன ஆரம்பிச்சிருச்சு.” அவர் குரல் தழைந்து கிடந்தது, சத்தமாகப் பேசினால் செல் தீர்ந்துவிடும் என்பதுபோல. ஆஸ்பத்திரி வாசலில் வேனை எங்கே நிறுத்தினேன் என்றுகூட நினைவில்லை. காவலாளி பின்னால் கத்திக்கொண்டே வந்தார். லிஃப்டை நோக்கி ஓடும்போது அத்தான் போனில் சொன்னது ஞாபகம் வந்தது: “லிஃப்ட்ல ஏறாத. அந்தக் கதவுச் சத்தம் சரியில்ல. படியில வா.” நாலு மாடி. மூன்றாவது மாடியில் கால் பிடித்துக்கொண்டது, கைப்பிடியைப் பற்றி இழுத்துக்கொண்டு ஏறினேன்.

தியேட்டர் வாசல் பெஞ்சில் அவர் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே நர்ஸ் நின்றிருந்தார். இந்த இடத்தில் மின்சாதனம் வைத்திருக்கக் கூடாது, அணையுங்கள் என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டுமானால் பாட்டை ஓட விட்டுப் போனில் பிடித்துக்கொள்ளலாமே என்றும் நல்ல மனசோடு யோசனை சொன்னாராம். ஸ்பீக்கர் ஓடினால் அரை நிமிஷம் தாங்காது என்றார் அத்தான். படிப்பக்கம் போகவும் அவரால் முடியவில்லை. எந்த நேரமும் உள்ளே இருந்து கூப்பிடலாம்.

“சிஸ்டர், அணைச்சா திரும்ப வராது. ஒரு ரெண்டு நிமிஷம்,” என்று கும்பிட்டார். ஊரையே அதட்டி வாய் மூட வைத்த மனுஷன் கும்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

கார்டை நீட்டினேன். வாங்கிச் செருகினார். பதியும் பட்டனை அழுத்தினார். திரையில் எழுத்து வந்தது.

‘இடம் இல்லை.’

என் குத்துப்பாட்டுகள். கடையில் ஏற்றியவை அந்தப் பெட்டியின் கண்ணுக்கே தெரியாது, அவற்றைப் பொறுக்கி எடுத்து அழிக்கவும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே வழி. அத்தானின் பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அழிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் நிச்சயமா நிச்சயமா என்று கேட்கும், இந்தக் குரலுக்கு இடம் கிடைக்கக் குறைந்தது பத்துப் பாட்டாவது போக வேண்டும். இல்லையென்றால் கார்டை மொத்தமாகத் துடைத்துவிடலாம். அதற்கு நாலு நொடி போதும்.

நான் உளறிக்கொட்டி உண்மையைச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரல் ‘முழுதும் அழி’ என்ற இடத்துக்குப் போய்விட்டது. நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

“அத்தான், பதினோரு வருஷம்.”

“பாட்டு என்னோடது மாப்ள,” என்றார். “குரல் அவளோடது.”

கையை உதறிக்கொண்டு அழுத்தினார். நாற்பத்தெட்டும் போயின. உடனே பதியும் பட்டன். திரையின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை மெல்ல நீண்டது. பாதி. முக்கால். நர்ஸும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை வலது ஓரத்தைத் தொடும் இடத்தில் திரை பொட்டென்று அணைந்தது.

முடித்துவிட்டு அணைந்ததா, முடிக்காமலே அணைந்ததா? மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் தியேட்டர் கதவு திறந்தது, அத்தான் பெட்டியைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு எழுந்து ஓடினார்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், கெட்ட கட்டி இல்லை. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. அக்கா ஜாடையில் பேசினாள், நோட்டில் எழுதிக் காட்டினாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஆறு செல் போட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் செல்லை வாங்கிக்கொண்டுதான் போனேன். அத்தான் அதைத் தொடவில்லை. “அவ முதல்ல பேசட்டும் மாப்ள. அதுக்கு முன்னாடி பாக்க எனக்குத் தைரியம் இல்ல,” என்றார். அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை. அதட்டி வாங்கிய அமைதியெல்லாம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. தினமும் போனேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு அது சோறு இறங்க விடவில்லை.

ஒன்பதாம் நாள் அக்கா பேசினாள். கரகரவென்று, ஆனால் பேச்சு. தண்ணீர் கேட்டாள், என்னை ஏன் இளைத்துவிட்டாய் என்று கேட்டாள். பிறகு யாரும் இல்லாத நேரம் பார்த்து மேலே ஒரு சுரத்தைத் தொட முயன்றிருக்கிறாள் போலும். அன்று மாலை நான் போனபோது கண் சிவந்திருந்தது. “மேல போகல தம்பி. காத்துதான் வருது,” என்றாள். ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் அதைச் சொன்ன விதமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

“அந்தப் பாட்டப் போடுங்க,” என்றாள் அத்தானைப் பார்த்து.

நான்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, ஆறு செல்லையும் மாட்டினேன். இரண்டை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி கழற்றினேன், அப்படி ஒரு பதற்றம். திரை வெளிச்சமாயிற்று. பட்டியல் திறந்தது. அதில் ஒரே ஒரு வரி இருந்தது.

அக்கா பாடினாள். மாடிப்படியின் உச்சியில், அந்த எதிரொலியோடு, கழுத்தில் தையல் விழாத அக்கா. கடைசி அடியில் அவள் மேலே ஏறி அங்கேயே நின்றாள். அந்த இடத்தில் யாரோ கீழே லிஃப்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள், மோட்டார் உறுமும் சத்தமும் சேர்ந்து பதிவாகியிருந்தது. அதற்கு அத்தான் வழக்கமாகச் சொல்லும் ‘உஷ்’ மட்டும் பதிவில் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க முடியவில்லை.

பாட்டு முடிந்ததும் அக்கா பட்டியலை விரலால் தள்ளிப் பார்த்தாள். “மத்ததெல்லாம் எங்க?”

நான் சொன்னேன், என் குத்துப்பாட்டு உட்பட ஒன்று விடாமல். அவள் கரகரத்த தொண்டையோடு எங்கள் இருவரையும் திட்டியதை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. வெளியே ஒரு நகல்கூட எடுத்து வைக்காத மனுஷன் என்று அவரையும், கொடுத்த பொருளைக் காப்பாற்றத் தெரியாத தறுதலை என்று என்னையும். திட்டி முடித்துத் தண்ணீர் குடித்தாள். சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

“முதப் பாட்டு அந்த நனைஞ்ச சைக்கிள்தானே?” என்றாள்.

அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பாடத் தொடங்கினாள். தாழ்ந்த குரலில், அங்கங்கே உடைந்து. முதல் அடி, இரண்டாம் அடி, சரணம். வரிக்கு வரி, அத்தான் மாற்றி மாற்றிப் போட்ட சொற்களில் கடைசியாக நின்ற சொல் எதுவோ அதோடு. இரண்டு வாரம் கார்டை வைத்திருந்த நான் இரண்டு பாட்டுக் கேட்டேன். பெட்டியை அதுவரை ஒரு நாளும் தொடாத அவளிடம் நாற்பத்தெட்டும் இருந்தன. கையில் பாத்திரத்தோடு சுவரோரம் நிற்க வைத்தால் வேறு என்ன செய்வாள், கேட்டிருக்கிறாள்.

அத்தான் தரையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மடியில் வைத்தார். அவளுக்கு எட்டும்படி சுதியை இரண்டு கட்டை இறக்கினார். தாளத்தைத் தட்டினார், அது ஓட ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து என் போன் அலறியது. சலவைக் கடை முதலாளி. நான் பதறிச் சட்டைப்பையைத் தடவினேன். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, விரலை உதட்டில் வைத்தாள்.