மேட்ரன் நாற்காலியும் சூடான பாவும்

நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான எங்கள் மேட்ரன் ஓய்வுபெற்றபோது அந்த நாற்காலி எனக்குத்தான் என்று குளுவாங்கில் உள்ள எங்கள் தனியார் மருத்துவமனை முழுக்கப் பேச்சு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பெண்கள் வார்டுக்கு நான்தான் பொறுப்பு சிஸ்டர். ஆனால் நிர்வாகம் ஜொகூர் பாருவில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த மாலதியைக் கொண்டுவந்து, நர்சிங் மேனேஜர் என்று எங்கள் தலைமேல் உட்கார வைத்தது. ஊசி பிடிக்கத் தெரியாதவள் நர்ஸுகளுக்குத் தலைவியாம். எனக்கு வயிறு எரிந்தது.

முதல் நாள் காலை, சீனர் கடையில் ஒரு பெட்டி நிறைய ஆவியில் வெந்த பாவ் ரொட்டி வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தாள்.

“சாப்பிடுங்க லா, சூடா இருக்கு.”

ஒருவரும் கை நீட்டவில்லை. டியூட்டியில் பாவ் சாப்பிட்டால் நோயாளிக் கேஸ்கள் வந்து குவியும் என்பது மலேசிய மருத்துவமனைகளில் எல்லாருக்கும் உள்ள பயம். ஸ்டாஃப் நர்ஸ் ராணி என்னைப் பார்த்தாள்.

“வச்சிட்டுப் போங்க மேடம்” என்றேன். இதுகூடத் தெரியவில்லையே என்று உள்ளூர ஒரே குஷி.

மதியம் பாலோவிலிருந்தும் காஹாங்கிலிருந்தும் டெங்கி கேஸ்கள் வரிசையாக வந்தன. கட்டில்கள் நிரம்பின. டிரிப் மாற்றவே ஆள் போதவில்லை. நான் ஆபீசுக்குப் போன் செய்தேன்.

“அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சிஸ்டர்.” எப்போதும் வரும் அதே பதில்.

மாலதி மேலே வந்தாள். வார்டை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“எனக்கு இதெல்லாம் புரியாது சிஸ்டர். எத்தன பேர் வேணும்?”

“ரெண்டு பேராவது வேணும்.”

அங்கேயே நின்று டைரக்டருக்குப் போன் போட்டாள். “ரெண்டு நர்ஸ் அனுப்புங்க டத்தோ. இல்லன்னா இந்த வார்டுல அட்மிஷன் குளோஸ். நான்தான் சொன்னேன்னு போட்டுக்குங்க.”

கொஞ்ச நேரத்தில் இருவர் வந்துவிட்டார்கள். இத்தனை வருஷம் நான் கெஞ்சிக் கேட்டது அவளுக்கு ஒரே போனில் கிடைத்தது.

“தேங்க்யூ மேட்ரன்” என்றாள் ராணி, வாய் தவறி. அந்தச் சொல் என்னை அறைந்தது.

“மேட்ரன்னு கூப்பிடாதீங்க” என்றாள் மாலதி. “நான் வெறும் மேனேஜர். மேட்ரன்னா சிஸ்டர் மாதிரி ஆளுங்கதான்.”

நான் ஏங்கிய பெயரை அவள் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். கோபப்படக்கூட இடம் வைக்கவில்லை, பாவி.

நர்ஸுகளுக்கு மேலே நர்ஸ்தான் இருக்கவேண்டும் என்று இன்றைக்கும் சண்டை போடுவேன். அந்த இடத்துக்கு வரப்போகும் பெண்களே, ஆள் கேட்கும்போது மட்டும் கெஞ்சாதீர்கள். கொடுக்காவிட்டால் எதை மூடுவீர்கள் என்று சொல்லுங்கள். அதை நான் அவளிடம்தான் கற்றேன்.

அன்று வார்டு அடங்கிய பிறகு, பாவ் பெட்டியை ஏன் யாரும் தொடவில்லை என்று மாலதி கேட்டாள். ராணி விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அலமாக்! அதான் கேஸ் எல்லாம் வந்துருச்சே. இனிமே என்ன பயம்? சாப்பிடுங்க சிஸ்டர்.”

பசி. ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஆறிப்போயும் அருமையாக இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.