கறி இல்லாத கறி ஆணம்

என் நாத்தனார் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேளை சாப்பிட்டார்கள். அதற்காக நாங்கள் இரண்டு வருடம் அரைவயிறு சாப்பிட்டோம். இது என்ன கணக்கு என்று அன்றைக்குக் கேட்டிருப்பேன். ஆனால் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆன மருமகளிடம் கணக்கு கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதுவும் நான் பேரையூர்க்காரி. மதுரைத் தெற்குவாசல் பக்கத்துச் சந்தில் பிறந்து வளர்ந்த என் மாமியாருக்கு, பேரையூர் என்றால் ஆடும் கம்பும் சேர்ந்து வளர்கிற ஏதோ ஒரு காடு.

என் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அதில் ஒரே ஒரு மிஷின். தங்கையின் கல்யாணத்துக்கு வேண்டிய பட்டு, சீலை, மாப்பிள்ளைக்குக் கோட்டுத் துணி எல்லாவற்றையும் எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவரிடம் கடனாக எடுத்திருந்தார். நூற்று அறுபது ரூபாய். அதற்கு ஈடாக அந்த மிஷினை எழுதிக் கொடுத்திருந்தார். ஜவுளிக்கடைக்காரர் மார்க்கப் பற்று உள்ளவர், வட்டி வாங்க மாட்டார். அதனால் துணியின் விலையைச் சொல்லும்போதே கொஞ்சம் தாராளமாகச் சொல்லிவிட்டார்.

கடன் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் ஒரே பள்ளிவாசல் என்பதில் ஒரு சங்கடம் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மாவில் அவர் முதல் வரிசையில் நிற்பார். என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்பார். தொழுகை முடிந்து சலாம் கொடுத்து மற்றவர்கள் திரும்புவதற்குள் இவர் சந்தில் பாதி தூரம் போயிருப்பார். அப்படி ஓடி ஓடியே ஒரு வருடத்தில் அறுபது ரூபாயை அடைத்தார். பிறகு ஒருநாள் பிடிபட்டார்.

ஜவுளிக்கடைக்காரர் கோபமாகப் பேசவில்லை. நோன்புப் பிறை பார்ப்பதற்குள் மீதி நூறு ரூபாயும் வந்தாக வேண்டும், இல்லையென்றால் மிஷினை எடுத்துக்கொள்வேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பிறைக்கு எட்டு மாதம் இருந்தது. நோன்பு மாதம்தான் தையல்காரருக்கு அறுவடை. பெருநாளுக்கு ஊரே புதுத் துணி தைக்கும். அந்த நேரத்தில் மிஷின் போனால் எங்களுக்குக் கடன் மட்டுமல்ல, சோறும் முடிந்தது. செய்தியை எங்களிடம் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் கழுத்தில் கிடந்த அங்குல நாடாவை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். எனக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

அன்றைக்குத்தான் அடுப்படியை நான் கையில் எடுத்தேன். கதவின் பின்பக்கத்தில் கரித்துண்டால் ஏழு கோடு கிழித்தேன், கிழமைக்கு ஒன்று. யுத்தம் நடந்த காலம். பர்மா அரிசி நின்றுபோய், காசு கொடுத்தாலும் கூட்டத்தில் இடிபட்டுத்தான் அரிசி வாங்க வேண்டும். அரிசியை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்தேன். செவ்வாய் கம்பங்கூழ். புதன் சோளச்சோறு, பக்கத்து வீட்டு மரத்திலிருந்து எங்கள் கொல்லைக்குள் எட்டிப் பார்த்த முருங்கைக்கீரை. சனிக்கிழமை கொள்ளு, அவித்த தண்ணீர் ரசமாகும், அவிந்த கொள்ளு தொட்டுக்கொள்ள ஆகும். இதெல்லாம் பேரையூரில் நாங்கள் பிறந்ததிலிருந்து சாப்பிட்டது. அங்கே இதற்குச் சிக்கனம் என்று பெயர் இல்லை, சாப்பாடு என்றுதான் பெயர். மாமி முதல் நாள் கூழைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, சுவர் பூசவா என்று கேட்டார்.

திங்களும் வியாழனும் எனக்கே பெருமையாக இருந்த ஏற்பாடு. அந்த இரண்டு நாளும் நோன்பு வைப்பது சுன்னத், நபிகள் காட்டிய வழி. ஆகவே வீடு முழுக்க நோன்பு வைத்தோம். பகல் சமையல் மிச்சம், விறகு மிச்சம், வீட்டுக்காரர் வெளியே குடிக்கும் நாலு கிளாஸ் டீ மிச்சம். இரண்டு மாதத்தில் சந்து முழுக்க எங்கள் பக்தியைப் பற்றிப் பேச்சானது. பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத், தம் பயான் பிரசங்கத்தில் எங்களை உதாரணமாகச் சொன்னார். உண்மை அல்லாஹ்வுக்குத் தெரியும். அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமையில் கை வைக்க மாமி விடவில்லை. வெள்ளி என்றால் கறி ஆணம். ஆணம் என்றால் எங்கள் வீடுகளில் குழம்பு. ஜும்மா முடிந்து ஆண்கள் சந்து வழியாக நடந்து வரும்போது ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் அந்த வாசம் வர வேண்டும். எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது, எந்த வீட்டில் கொதிக்கவில்லை என்று மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். கறிக்குக் காசு இல்லை என்றேன். மாமி கம்மிய குரலில் சொன்னார்:

“வெள்ளிக்கிழம நம்ம வீட்ல வாசம் வரலைன்னா, நாம நொடிச்சுப் போயிட்டோம்னு தமுக்கு அடிச்ச மாதிரி. நாளைக்கு ஒருத்தன் சட்ட தைக்க வர மாட்டான்.”

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதுதான் கொடுமை. ஆகவே ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். கறி இல்லை, எலும்பு. கறிக்கடையில் ஒரு நல்லி எலும்பும், நெல்லிக்காய் அளவு கொழுப்பும் வாங்கி வர வீட்டுக்காரரை அனுப்புவேன். ஜும்மா முடிகிற நேரத்துக்கு ஜன்னலோரம் அடுப்பைப் பற்றவைத்து, பட்டை கிராம்பைக் கொழுப்பில் பொரித்து, இஞ்சி பூண்டைப் போட்டு வதக்க வேண்டும். மாமி பனையோலை விசிறியால் அதைச் சந்துப் பக்கம் விசிறுவார். பிறகு கத்தரிக்காயும் எலும்பும் போட்டு ஆணம். எலும்பில் நான் ஒரு கயிறு கட்டியிருப்பேன். கொதித்ததும் கயிற்றைப் பிடித்து எலும்பைத் தூக்கி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவேன். அடுத்த வெள்ளிக்கு அதே எலும்பு. அதற்கடுத்த வெள்ளிக்கும் அதே. மூன்றாவது வெள்ளியில் அந்த எலும்பிலிருந்து ஆணத்துக்குள் இறங்க எதுவும் இருக்காது. மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசாமல் சாப்பிடுவோம்.

இப்படியே ஏழரை மாதம் ஓடி, அறுபது ரூபாய் சேர்ந்தது. நாற்பது குறைந்தது. பிறைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. துணிக்கு வந்த தட்டுப்பாட்டில் தைக்க வருகிறவர்களும் குறைந்திருந்தார்கள். ஜும்மா முடிந்ததும் ஓடாமல் நில்லுங்கள், அறுபதைக் கொடுத்துவிட்டு நாற்பதுக்குப் பெருநாள் வரை தவணை கேளுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். அவரும் நின்றிருக்கிறார். ஜவுளிக்கடைக்காரர் அறுபதை வாங்கிக்கொண்டு, சரி பார்க்கலாம் என்று பாதி தலையாட்டியிருக்கிறார். அடுத்த சந்திலிருக்கும் அவர் வீட்டுக்குப் போகிற வழியில், இருவரும் பேசிக்கொண்டே எங்கள் சந்துக்குள் நடந்து வந்திருக்கிறார்கள்.

இங்கேதான் மாமி காரியத்தைக் கெடுத்தார். முந்தின வாரம் எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, உங்க வீட்டு ஆணத்தில் வாசமே இல்லையே என்று போகிற போக்கில் கேட்டுவிட்டாளாம். மாமிக்கு அது ஏழு நாளாக உள்ளே உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, மாதம் முழுவதற்கும் வைத்திருந்த கொழுப்பை மொத்தமாகச் சட்டியில் போட்டு, ஏலக்காய் வேறு தட்டிப் போட்டு, இரண்டு கையாலும் விசிறினார். நான் வாளியோடு திரும்பியபோது கத்தரிக்காயும் எலும்பும் சட்டியில் வெந்துகொண்டிருந்தன, எனக்கே வாயில் எச்சில் ஊறியது. நவாபு வீட்டுக் கல்யாணம் நடக்கிற வாசம்.

வாசலில் ஜவுளிக்கடைக்காரரின் குரல் கேட்டது.

“தவண கேக்குற வீட்ல வெள்ளிக்கு வெள்ளி கறியாப்பா? நான் கறிய கண்ணால பாத்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா? பிறைக்கு மொத நாள் வண்டியோட வாரேன். மிஷினக் கழட்டி வச்சிரு.”

நாடா மறுபடி என் வீட்டுக்காரரின் கைக்கு வந்திருந்தது. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்நிய ஆண்கள் முன்னால் நாங்கள் வருவதில்லை. அந்த ஒரு நிமிடத்தில் மாமி ஏதாவது சமாளித்திருக்கலாம். ஆனால் வேளைக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பி அவருக்குப் பழக்கமே இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், வாங்க, கறி ஆணம் இருக்கு, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க என்றார். வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

வேறு நாளாக இருந்தால் ஜவுளிக்கடைக்காரர் மறுத்திருப்பார். அன்றைக்குக் கோபம். “சரி, வைங்க” என்று சொல்லி முன்னறையில் மிஷினுக்குப் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

மாமி என்னைப் பார்த்தார். எலும்பை எடுத்து ஒளித்துவிட்டு, கறி தீர்ந்துபோச்சு என்று சொல்லச் சொன்னார். நான் யோசித்தேன். ஒளித்தால் மானம் மிஞ்சும், மிஷின் போகும். எட்டு மாதமாகக் கூழும் கொள்ளும் தின்றது என் வயிறும்தான். எனக்கு அழுகையாக வரவில்லை, ஆத்திரமாக வந்தது. சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். சோளச்சோற்றைத் தட்டில் போட்டேன். முக்காட்டுக்குள் இருந்தபடியே, அகப்பையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் அகப்பையை விட்டுத் துழாவினார். கத்தரிக்காய் வந்தது. மறுபடி துழாவினார். மறுபடி கத்தரிக்காய். அப்புறம்தான் சட்டியின் விளிம்பில் தொங்கிய கயிறு அவர் கண்ணில் பட்டது. அதைப் பிடித்து மெதுவாக இழுத்தார். எலும்பு எழுந்து வந்தது. புகை பட்டுக் கறுத்து, மஜ்ஜை போய், இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிகிற எலும்பு. அதைக் கயிற்றோடு பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணாவது வெள்ளி, மாமு” என்றேன். அந்நிய ஆணிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர் எலும்பைச் சட்டிக்குள் திரும்ப இறக்கினார். சோளச்சோற்றைப் பிசைந்தார். ஆணத்தை ஊற்றி முழுவதையும் சாப்பிட்டார், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கையைக் கழுவிய பிறகும் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நாங்க கயிறு கட்டலம்மா. போன வெள்ளி பூனை தூக்கிட்டுப் போயிருச்சு.”

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். மில் துணி வருவதில்லை. கடையில் முன்வரிசையில் அடுக்கியிருப்பதுதான் துணி, அதற்குப் பின்னால் வெறும் பலகை. மொத்த வியாபாரிக்கு அவர் கட்ட வேண்டிய பணத்துக்காகத்தான் எங்களை நெருக்கியிருக்கிறார். நாற்பது ரூபாயைப் பெருநாள் கழித்துக் கொடுத்தால் போதும், மிஷின் எங்கேயும் போகாது என்றார். படியிறங்கும்போது, வெளியே யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். கடன் கொடுத்தவர் கடன்காரனின் கையைப் பிடித்துக் கெஞ்சியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமி மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நாலாவது நாள், செவ்வாய்க்கிழமை, கம்பங்கூழை ஊற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

“அந்த ஜவுளிக்கடைக்காரன் பொண்டாட்டி சமைக்கிற வாசத்துக்குப் பயந்துக்கிட்டுத்தான் நான் இம்புட்டும் பண்ணுனேன்.”

அவள் எங்களுடைய வாசத்துக்குப் பயந்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அது மாமிக்கே தெரிந்திருந்தது.

அடுத்த வெள்ளி ஜும்மா முடிகிற நேரத்துக்கு எங்கள் அடுப்பில் முருங்கைக்கீரை வெந்தது. எதிர்வீட்டுப் பெண் ஜன்னலுக்கு வந்து, என்ன இன்னைக்கு வாசத்தையே காணோம் என்று கேட்டாள். நான் ஏதாவது பொய் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமி சொல்லிவிட்டார்:

“துட்டு இல்லத்தா. கீரதான்.”

அவள் திரும்பித் தன் வீட்டுக்குள் போனாள். பிறகு, வாசத்துக்காக அவள் அடுப்பில் அப்போதுதான் ஏற்றிய சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.