இரண்டாம் நாள் மாத்திரை

ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவள் மாரிச்செல்வி. கல்யாணமாகி ஆறு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, கருமுட்டை வளரவில்லை என்று மாத்திரை எழுதினார். மாதவிலக்காகித் தூரமான இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள், தினம் ஒன்று. நாள் தப்பக் கூடாது. மூன்று மாதம் பார்ப்போம், இல்லாவிட்டால் மதுரைக்குத்தான் போகவேண்டும் என்றார். மதுரைக்கு அலைய மில்லில் லீவு ஏது? அவளுக்கு இருந்தது அந்த மூன்று மாதம்தான்.

மாமியார் வெள்ளத்தாய் நல்ல மனுஷிதான். மாத்திரையைக் கொண்டுபோய் மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து விபூதி போட்டாள். தூரமானவள் அந்தச் சாமி அறையை மிதிக்கக் கூடாது. மாத்திரையோ தூரமானால்தான் வேண்டும்! இது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

முதல் மாதம் வெள்ளத்தாயே எடுத்துக் கொடுத்தாள், பலனில்லை. இரண்டாம் மாதம் அவள் தேவதானத்தில் ஒரு சாவு வீட்டுக் கேதத்துக்குப் போய்விட, புருஷன் சங்கிலிப்பாண்டியும் லாரியோடு வெளியூரில். மாமியார் திரும்பி வந்து எடுத்துத் தரும்வரை காத்திருந்து மாரிச்செல்வி ஐந்தாம் நாள்தான் விழுங்கினாள். ஸ்கேனில் முட்டை வளரவேயில்லை. மறந்துவிட்டேன் என்று டாக்டரம்மாவிடம் பொய் சொன்னாள்.

மூன்றாம் மாதமும் மாத்திரை சாமி அறையில்தான்; வெளியே எடுத்து வைப்பதற்குள் தூரம் நாள் முந்திக்கொண்டது. வெள்ளத்தாய் வத்திராயிருப்பில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தாள், சங்கிலிப்பாண்டி லாரியில். மாரிச்செல்வி போன் போட்டாள்.

“அத்தே, பக்கத்து வீட்டுப் பொன்மணிய எடுத்துத் தரச் சொல்லவா?”

“ஊருக்கே தமுக்கடிக்கப் போறியாட்டி? நாளைக்கு வாரேன், பொறு.”

“நாளைக்கு மூணாம் நாளு.”

“சாமிக்குத் தெரியாதா நாளு?”

“சாமிக்குத் தெரியும். மாத்திரைக்குத் தெரியாதே அத்தே!”

போனை வைத்தாள். நேரே உள்ளே போனாள், எடுத்தாள், விழுங்கினாள். அட்டையை ஒளிக்கவும் இல்லை. அடுப்படித் திட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி போட்டாள்.

மறுநாள் வந்த வெள்ளத்தாய் அட்டையைப் பார்த்தாள்.

“உள்ள போனியா?”

“போனேன்.”

“கொழுப்புதான்.”

அறையைக் கழுவிச் சூடம் கொளுத்தினாள். பொழுது சாய்ந்ததும் சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள்.

“இன்னைக்குள்ளதப் போட்டியா?”

“இன்னும் இல்ல.”

“பொறவு எதுக்கு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க? முழுங்கு.”

பன்னிரண்டாம் நாள் ஸ்கேனுக்கு அவளும் கூடப் போனாள். முட்டை பதினெட்டு மில்லிமீட்டர், நன்றாக வளர்ந்திருந்தது. அது வெடிக்க அன்றைக்கே ஊசி போட்டார்கள்; சங்கிலிப்பாண்டியும் லாரியை விட்டு வீட்டுக்கு வந்திருந்தான்.

“உறுதிதானாம்மா?” என்றாள் வெள்ளத்தாய்.

“உறுதி சொல்ல முடியாதும்மா. பதினஞ்சு நாள் பொறுங்க.”

பஸ்ஸில் மருமகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, “நாளைக்கு மில்லுக்குப் போவாத” என்றாள்.

“டாக்டரம்மா போலாம்னுட்டாக அத்தே.”

மறுநாள் ஆறு மணி ஷிப்டுக்கு மாரிச்செல்வி போய்விட்டாள்.