ஆன்டி ஆக்சிடென்ட் இலை

மல்பெரி இலையை யாராவது ஆஹா ஓஹோ என்று பேசினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இலை என்ன பாவம் செய்தது, அது தன்பாட்டுக்கு வளர்கிறது. என் ஆத்திரமெல்லாம் அதைப் பொடியாக்கிக் கொண்டுவந்து விற்ற புண்ணியவான் மேல்தான்.

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் பட்டாபிராமிலிருந்து ரயிலேறி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். பவர் பிரஸ்ஸில் வேலை. தகட்டைக் கையால் உள்ளே வைத்துவிட்டு மிதியை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கும். கை மாட்டாமலிருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அது இருந்தால் வேலை வேகமாக ஓடாது என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார். திரும்ப மாட்டச் சொல்லி இவர் நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சூப்பர்வைசர் பக்கத் தொழிலாகப் பொடி விற்க ஆரம்பித்தார். மல்பெரி இலையில் ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைய இருக்கிறது, வெந்நீரில் கலக்கிக் குடியுங்கள் என்றார். பட்டறையில் அத்தனை பேர் காதிலும் அது ஆக்சிடென்ட் என்றுதான் விழுந்தது. விபத்து வராமல் தடுக்கிற இலையாம்! மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்கள், நம்பிவிட்டார்கள். அந்த ஆள் திருத்தவில்லை. எதற்குத் திருத்தப் போகிறார்? பொடியும் விற்கிறது, கம்பியைக் கேட்கிற வாயும் அடைகிறது. இவர் மறுபடி கேட்டதற்கு, அதுதான் பொடி குடிக்கிறாயே, அப்புறம் என்ன பயம் என்றாராம்.

எனக்குச் சந்தேகம். ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடையில் பாக்கெட்டைக் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் சிரித்தே விட்டார். அது வேறு வார்த்தையாம். உடம்புக்குள்ளே எதுவும் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிற ஏதோ சத்தாம், கீரையிலும் பழத்திலும்கூட இருக்கிறதாம். வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன்.

“ஒனக்கு இன்னாமே தெரியும்? அவுரு படிச்சவரு,” என்றார்.

ஆனாலும் மறுநாள் போய்க் கேட்டிருக்கிறார். எல்லாம் ஒன்றுதானப்பா, விடாமல் குடி என்று முதுகில் தட்டி மெஷினுக்கு அனுப்பியிருக்கிறார் அந்தப் படித்தவர். நாசமாய்ப் போக.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் அச்சு இறங்கியபோது இவருடைய வலது கை உள்ளே இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

சாயங்காலம் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார். இவர் கட்டுப்போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார். தடுப்புக் கம்பியைப் பற்றி அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்டார்.

“ஏம்மா, பொடிய டெய்லி குடிச்சாரா, நடுவுல வுட்டுட்டாரா?”

வார்டே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னேன்.

“அவுரு குடிச்சாருய்யா. ஒன் மெஷினுதான் குடிக்கல.”