சோங்கில் இருந்த குதிரை

என்னிடம் ஆறு பழைய பட்டாளத் துவக்குகள் இருக்கின்றன. எல்லாம் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியவை, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய வகை. ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் எங்கள் குடியிருப்பின் நிலவறையில் எனக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. தொழிற்சாலையில் கடைசல் வேலை முடிந்து வந்து, அங்கேதான் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்காருவேன்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், இஞ்ச வந்து துவக்குக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிறார்" என்று மனைவி வருகிறவர்களிடம் சொல்வாள். நான் சிரித்துச் சமாளிப்பேன். உண்மையில் எனக்குச் சுடுவதில் ஆசை இல்லை. இரும்பில் குத்தியிருக்கும் சின்ன முத்திரைகளை வாசிப்பதில்தான் ஆசை. ஒரு கிரீடம், ஒரு அரசனின் முதலெழுத்து, ஒரு வருடம், ஒரு படைப்பிரிவின் இலக்கம். அவற்றைச் சேர்த்து, இது எங்கே செய்தது, யார் கையில் இருந்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு அது தெரியும் என்பது இங்குள்ள எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்குள் பரவியிருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

போன வருடம் வசந்த காலத்தில் என் நண்பரின் மகள் வந்தாள். இங்கேயே வளர்ந்து, ஒரு ஜெர்மன்காரரைக் கலியாணம் செய்தவள். அவளுடைய மாமியார் ஊர்ப்புறத்தில் தனியாக இருக்கிறார். அவருடைய வீட்டுப் பரணில் கிடந்த துவக்கு ஒன்றைப் படுக்கை விரிப்பில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"மாமா, இது என்ன துவக்கு, எந்தக் காலத்தது எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. அடுத்த மாதம் மாமிக்குப் பிறந்தநாள். நீங்கள் வந்து சொன்னா அவ சந்தோசப்படுவா."

"விட்டுட்டுப் போ பிள்ளை. நான் பாக்கிறன்" என்றேன்.

பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீண்ட ஊசி ஒன்று தோட்டாவின் கடதாசியைத் துளைத்துப் பற்றவைக்கும் பழைய பிரஷ்யத் துவக்கு. முத்திரைகளைத் தேடித் தேடிப் படம் எடுத்தேன். இலக்கங்கள் எல்லாப் பாகத்திலும் ஒன்றாக இருந்தன. அப்படி அமைவது அபூர்வம்.

மரம்தான் மோசமாக இருந்தது. தோளில் ஊன்றும் பகுதியை நாங்கள் சோங்கு என்போம். அதன் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். ஆணியால் யாரோ இரண்டு எழுத்துகள் கிறுக்கி, பக்கத்தில் கோணலாக ஒரு குதிரையும் கீறியிருந்தார்கள்.

பழைய மரத்தை அரத்தாள் வைத்துத் தேய்க்கக்கூடாது. இந்தப் பழக்கத்தில் இறங்குகிற எவருக்கும் முதல் நாளே சொல்லப்படுவது அது. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ஜெர்மன் குடும்பத்தின் முன்னால், பளபளக்கிற துவக்கோடு நிற்கும் என்னையே நான் மனதில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாலைகள் தேய்த்தேன். குதிரை இரண்டாம் நாளே போய்விட்டது. பிறகு ஆளிவிதை எண்ணெய் பூசினேன்.

பிறந்தநாளன்று பின்னேரம் கோப்பியும் கேக்கும் வைத்த மேசையில் துவக்கைக் கிடத்தி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பிள்ளையின் கணவர் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பெருமையோடு என்னைப் பார்த்தாள். மாமியார் துவக்கைத் திருப்பி, சோங்கின் அந்தப் பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். திரும்பவும் தடவினார்.

"இங்கே ஒரு குதிரை இருந்ததே" என்றார். "என் அப்பா சின்ன வயதில் கீறியது. அவருடைய பெயரின் எழுத்துகளும் இருந்தன."

மாமியார் பிறக்க முன்பே அவருடைய தகப்பன் போருக்குப் போய்த் திரும்பவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சின்ன வயதில் பரணுக்கு ஏறிப் போய் அந்தக் குதிரையைத் தொட்டுப் பார்ப்பாராம்.

"நீங்கள் கண்டீர்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லை. அப்படி எதுவும் இருக்கவில்லை."

"படம் ஏதும் எடுத்தீர்களா?"

"இல்லை" என்றேன். என் கைபேசியில் நாற்பது படங்கள் இருந்தன.

மகன் எழுந்து வந்து தாயின் தோளில் கை வைத்தார். "அம்மா, அது வேறு ஏதாவது சாமானாக இருக்கும். எவ்வளவு காலம் போய்விட்டது" என்றார். தாய் தலையாட்டினார். நான் இன்னொரு துண்டு கேக் சாப்பிட்டேன். அதன் உருசி கூட நினைவிருக்கிறது.

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் பிள்ளை தொலைபேசியில் மனைவியோடு கதைத்தது எனக்கும் கேட்டது.

"என்ர மாமியாருக்கு ஞாபகம் பிழைக்குது போல இருக்கு மாமி. துவக்கில குதிரை இருந்தது எண்டு விடாமச் சொல்லிக்கொண்டு இருக்கிறா. ஞாபக மறதி பாக்கிற டொக்டரிட்ட போக நாள் எடுத்திருக்கிறம்."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வைத்தியரிடம் போன நாளும் கடந்தது. மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னார்களாம், சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்களாம். எல்லாம் சரியாகவே செய்தாராம். ஆனாலும் இப்போது எதைச் சொன்னாலும் "எனக்குச் சரியாகத் தெரியாது" என்று சேர்த்துச் சொல்கிறார் என்றாள் அந்தப் பிள்ளை.

அதைக் கேட்ட பிறகுதான் மனைவியிடம் படங்களைக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அந்த மனுசியைப் பைத்தியமாக்கிப் போட்டீங்கள்" என்று மெதுவாகச் சொன்னாள். "போய்ச் சொல்லுங்கோ. போன்ல ஏலாது. நேர போங்கோ."

குதிரையும் எழுத்துகளும் தெளிவாக விழுந்த படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு, சனிக்கிழமை ரயிலில் போனேன். பிள்ளையும் கணவரும் அங்கே வந்திருந்தார்கள். வீட்டுக்குள் வந்ததும், உட்காராமலே சொன்னேன். தேய்த்தது நான், கண்டும் இல்லை என்றது நான், படம் இருந்தும் மறைத்தது நான். நாற்பது வருடமாகப் பேசும் ஜெர்மன் அன்றைக்கு வாயில் வரவில்லை. பிழை பிழையாகச் சொன்னேன்.

மாமியார் படத்தை யன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மகனிடம் நீட்டினார்.

"பார். குதிரை" என்றார்.

மகன் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார். மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"தேய்த்தது சரி. தெரியாமல் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வேன். ஆனால் என் பிள்ளைகள் முன்னால் என்னை நானே நம்பாமல் செய்துவிட்டீர்கள். அதை எப்படித் திருப்பித் தருவீர்கள்?"

தெரியாமல் செய்யவில்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அது மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைதான் என்னைக் காரில் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். இறங்கும்போது, "நீங்கள் எண்டபடியாத்தான் மாமா கொண்டு வந்து தந்தனான்" என்றாள். "அவையளுக்கு முன்னால நான் உங்களைப் பற்றி எவ்வளவு சொன்னனான் தெரியுமோ."

அவள் காரைத் திருப்பிக்கொண்டு போனாள்.

படத்தைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்களாம். துவக்கு திரும்பவும் பரணுக்குப் போய்விட்டது. இந்தக் கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில் அந்தப் பிள்ளையைக் கண்டேன். "சுகமா இருக்கிறியளோ" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று அவளோடு மட்டும் கதைத்தாள். நான் கொஞ்சம் தள்ளிப் போய், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன்.